உலக முடிவுக்கு எந்தப் பக்கத்தால் போவது?

எங்கள் ஜூனியர் ஆக்கள் அடுத்த மாதம் ஹோட்டன் சமவெளிக்குப் போகிறார்களாம். நாள், வான் காசு எல்லாம் பேசியாயிற்று. எந்தப் பக்கத்தால் நடப்பது என்பதை மட்டும் "அங்க போய்ப் பார்ப்பம்" என்று விட்டுவிட்டார்கள். போன வருடம் நாங்களும் இதையேதான் சொன்னோம். அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அந்த நடைபாதை ஒரு வளையம். மொத்தம் 9 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு கிளை சின்ன உலக முடிவு வழியாக உலக முடிவுக்குப் போகும். மற்றது பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிப் பக்கத்தால் சுற்றி அதே இடத்துக்கு வரும். எப்படிப் போனாலும் எல்லாம் பார்க்கலாம்தானே, பிறகென்ன என்கிறீர்களா?

பனிமூட்டம்தான் பிரச்சினை. உலக முடிவு ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். வெயில் ஏற ஏற, கீழேயுள்ள ஈரக்காற்று மலைச்சரிவால் மேலே வந்து குளிர்ந்து முகிலாகிவிடும். அனேகமான நாட்களில் காலை 9, 10 மணிக்குள் பள்ளம் மூடிவிடும்.

நாங்கள் 7 மணிக்கே நடக்கத் தொடங்கினோம். அருவிக்கு முதலில் போவோம் என்று ஒருவன் சொல்ல எல்லோரும் தலையாட்டினோம். (அந்த ஒருவன் நான்தான் என்று சிலர் சொல்லுவார்கள், நம்பவேண்டாம் :-)) அங்கே ஒரு மணித்தியாலம் படம் எடுத்தோம். உலக முடிவுக்குப் போய்ச் சேர 10 மணி. முன்னால் வெறும் வெள்ளைச் சுவர். எங்களோடு வந்த மன்னார்ப் பிள்ளை ஒருத்தி மலைநாட்டுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. நாங்கள் பகிடி விட்டுக்கொண்டிருக்க, அவள் பேசாமல் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போனால் இன்னொரு தடவை வருவாளா?

அருவிப் பக்கத்தால் போகச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கூட்டத்துக்கு எதிராக நடந்தால் பாதை அமைதியாக இருக்கும். ஆனால் அமையச் செலவு என்று படித்தோமே, அதை இங்கே போட்டுப் பாருங்கள். அருவி 7 மணிக்கும் விழும், 11 மணிக்கும் விழும். பள்ளம் அப்படியா?

வான் பிந்தி, வாசலுக்கே 9 மணி தாண்டித்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் ஓடாதீர்கள். அப்போது அருவிப் பக்கத்தால் ஆறுதலாகப் போங்கள். உலக முடிவில் கொஞ்சம் இருந்து பாருங்கள், சிலவேளை முகில் ஐந்து நிமிடம் விலகும்.

நுவரெலியாவில் இருந்து 5 மணிக்காவது வெளிக்கிடுங்கள். வாசலில் பைகளைப் பார்த்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றுவார்கள், அதற்கும் நேரம் போகும். பணிஸைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போங்கள்.