ஒரு டீ குடித்தால் தூக்கம் போய்விடுமா?

செங்கோட்டை தாண்டிப் புளியரை வந்ததும் மலை ஆரம்பித்துவிடும். கேரள எல்லையான கோட்டைவாசல் வரை ஏற்றம்தான். நடுவில் இருக்கும் 'எஸ் வளைவு' பற்றி ஆய்க்குடி, தென்காசிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே கட்டுப்பாட்டை இழந்து, கீழே உள்ள ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். அருகில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் லைட்டோடு ஓடிப்போய், வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. நியாயமான பரிசு. ஆனால் அந்த நேரத்தில் அந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா?

ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்பதெல்லாம் எல்லா டிரைவருக்கும் தெரிந்ததுதான். அதைச் செய்ய விழித்திருக்க வேண்டுமே!

கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்த் திரும்பும் வேன்களைப் பாருங்கள். தரிசனம் முடித்த சாமிகள் சீட்டில் சாய்ந்ததும் குறட்டை. முன் சீட்டில் ஒருவர் மட்டும், "விடியறதுக்குள்ள ஊர் போயிரலாம்ணே" என்பார். அந்த அண்ணன் தூங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் அசந்தால் வண்டி 50 மீட்டர் போய்விடும். வளைவு அதற்கு முன்பே வந்துவிடும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் சுறுசுறுப்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதே 30 மில்லிகிராம்தான்! குடித்திருந்தால் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். தூக்கத்தை எதை ஊதிக் கண்டுபிடிப்பது? 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வு என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கேட்டவர் யார்?

ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். முதுகுத்தண்டு காயங்களுக்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் ஒன்று சாலை விபத்து. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழகவே ஒருவருக்கு மாதக்கணக்காகலாம்.

சரி, டீ? அதில் உள்ள காஃபின் வேலை செய்யவே அரை மணி நேரம் பக்கம் ஆகும். குடித்த உடனே ஸ்டியரிங்கைப் பிடிப்பதில் பலனில்லை. டீயைக் குடித்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, சீட்டைச் சாய்த்து ஒரு இருபது நிமிடம் தூங்கவிடுங்கள். பின்னால் இருக்கும் சாமிகள் எப்படியும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.