கார் வாங்கும் முன் மீட்டரைப் பாருங்க

1/8
“எலக்ட்ரிக் கார்னா கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்!” வாட்ஸ்அப்பில் வரும் இந்த ஒரு வரியை நம்பி 7 வருஷ லோன் போடப் போறீங்களா? கையெழுத்துப் போடும் முன்னாடி இந்த இழையை முழுசாப் படிச்சிடுங்க.

2/8
முதலில் பெட்ரோல். சென்னையில் லிட்டர் சுமார் 100 ரூபாய். ஊருக்குள் மைலேஜ் 15 கி.மீ. என்றால், கிலோமீட்டருக்கு சுமார் 6.67 ரூபாய். இதில் சண்டையே இல்லை.

3/8
மின்சாரக் கணக்கில்தான் ஏமாத்து வேலை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினா, கட்டண அட்டவணையே மாறிடும். 400 யூனிட் ஆகிற வீட்டில், மாதம் 1000 கி.மீ. ஓடும் காரையும் சார்ஜ் போட்டா 700 யூனிட் ஆகும். அந்தக் கூடுதல் 300 யூனிட்டுக்கு சராசரி சுமார் 9 ரூபாய். “முதல் 100 யூனிட் இலவசம்”னு பேசுறவர் இதைச் சொல்ல மாட்டார்.

4/8
அப்படியும் கிலோமீட்டருக்கு 1.35 ரூபாய்தான். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்றாலும் 3 ரூபாய்தான். “எலக்ட்ரிக்கில் மிச்சமே இல்லை” என்பதும் பொய்.

5/8
ஆனா கேள்வியே தப்புங்க. குழந்தையின் எடை பார்க்காம காய்ச்சல் மருந்து எழுத முடியுமா? நீங்க மாசம் எத்தனை கி.மீ. ஓட்டுறீங்கன்னு கேட்காம “எது லாபம்”னு சொல்றதும் அப்படித்தான்.

6/8
இரண்டு காருக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம்னு வைங்க. அது திரும்பி வர:
மாசம் 2500 கி.மீ. – சுமார் 2 வருஷம்
1000 கி.மீ. – 5 வருஷத்துக்குள்
300 கி.மீ. – சுமார் 15 வருஷம்!
பேட்டரி வாரன்ட்டி பொதுவா 8 வருஷம். லோன் வட்டி தனி.

7/8
வாசலில் புதுக் கார், கையில் மருத்துவக் காப்பீடு இல்லை. இப்படி வரும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் காருக்கு அந்த 3 லட்சத்தைக் கொட்டாதீங்க. தினம் 80 கி.மீ. ஓட்டும் டாக்ஸி டிரைவருக்குத்தான் உண்மையான லாபம். அவர் வீட்டிலோ பார்க்கிங்கே இல்லை. சலுகை கொடுக்கணும்னா அவர் தெருவில் மலிவான சார்ஜர் வைங்க.

8/8
இப்போ எழுந்து போய் உங்க பழைய காரின் மீட்டரைப் பாருங்க. ஓடின மொத்த கி.மீ.யை, வாங்கி எத்தனை மாசம் ஆச்சோ அதால் வகுங்க. அந்த எண்ணைக் கையில் வெச்சுக்கிட்டு ஷோரூமுக்குப் போங்க.