பருப்பு அதேதான்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எந்த ஆபீஸிலும் ஃபைல் நகர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. நாற்காலிகள்தான் நகரும். எல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி. நடுவில் ஒரு செல்போன். அதில் ஒரு வரைபடம். 'ஞாயித்துக்கிழமை பாபநாசம், அப்படியே காரையார், அதுக்கு மேல...' என்று ஒருவர் இரண்டு விரலை வைத்து விரிப்பார். படம் பெரிதாகும். இன்னும் விரிப்பார். இன்னும் பெரிதாகும். 'பாத்தியா மாப்ளே, எல்லாம் எவ்வளவு தெளிவா இருக்கு!'

தெளிவாக இருப்பது எது ஸார்? பாதையா, ஸ்க்ரீனா?

ஆபீஸில் கேட்டால் இது பொழுதுபோக்கு. பொதிகை மலை அடிவாரத்தில், இருட்டுகிற நேரத்தில் கேட்டால் விஷயமே வேறு.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர். அதுவரை சிக்னல் சமர்த்தாகக் கூட வரும். மலை ஏற ஆரம்பித்ததும், பந்தி முடிந்த கல்யாண வீட்டு உறவுக்காரர்கள் மாதிரி ஒவ்வொரு கட்டையாகக் கழன்றுகொள்ளும். அது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-லிருந்து புலிக்கென்று ஒதுக்கிய இடம். புலிக்கு டவர் எதற்கு?

ஆனால் சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் போகாது. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் காது கொடுத்தால் போதும். வானம் திறந்திருந்தால் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். இடம் தெரிந்து என்ன பண்ண? அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று காட்டப் படம் வேண்டுமே. அதற்குத்தான் படத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொள்ளும் 'ஆஃப்லைன்' சாஃப்ட்வேர்கள். ஆஸ்ம்ஆண்ட், லோக்கஸ், ஆர்கானிக் மேப்ஸ் என்று பல உண்டு.

இறக்கியாச்சு. மலைக்கும் போயாச்சு. திறந்தால், ஊர்ப் பெயரைப் படிக்க முடியவில்லை! எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. ஏன்?

கொஞ்சம் கணக்கு போடலாம். (பயப்படாதீர்கள், வகுத்தல்தான்.) இந்தப் படங்கள் பல சமயம் 256-க்கு 256 புள்ளி கொண்ட சதுரக் கட்டங்களாக வரும். 'ஜூம் 15' என்கிற அளவில் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒரு கட்டம் சுமார் 1.2 கிலோமீட்டர் அகலத்தைக் காட்டும். பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 40 புள்ளி. அங்கே அந்தக் கட்டம் ஆறரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். இன்றைய போனில் சென்டிமீட்டருக்கு 160 புள்ளி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, தைப்பூச மண்டபத்துக் கூட்டம் மாதிரி. அதே கட்டம் அங்கே 1.6 சென்டிமீட்டர். தபால்தலையைவிடச் சின்னது! பத்துப் புள்ளி உயரமுள்ள எழுத்து மானிட்டரில் இரண்டரை மில்லிமீட்டர். போனில் அரை மில்லிமீட்டர் சொச்சம். கடுகில் பாதி.

ஆக, போன் எவ்வளவு 'உசத்தி'யோ, பழைய படம் அவ்வளவு சிறுத்துப்போகும். விலை கொடுத்து வாங்கினவருக்கு இந்தத் தண்டனை.

சாஃப்ட்வேர்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உருப்பெருக்கி மாதிரி ஒரு செட்டிங். 200 சதவீதம் என்று வைத்தால் ஒரு புள்ளியை நாலாக்கிக் காட்டும். எழுத்து பெரிசாகும். கூடவே கொஞ்சம் மங்கும். நாலு பேருக்கு வைத்த சாம்பாரில் தண்ணீரை ஊற்றிப் பதினாறு பேருக்குப் பரிமாறுகிற கதைதான். வாளி நிறையும். பருப்பு அதேதான்.

சரி, நிஜமாகவே பெரிய ஜூம் கட்டங்களை இறக்கிக்கொண்டால்? ஒவ்வொரு படி ஏறும்போதும் கட்டங்கள் நாலு மடங்காகும். பாபநாசம் மலையிலிருந்து திருநெல்வேலி தாண்டி, 100 கிலோமீட்டர் நீளமும் 100 கிலோமீட்டர் அகலமும் எடுத்துக்கொண்டால் ஜூம் 15-க்குச் சுமார் 7,000 கட்டம். ஜூம் 18-க்கு நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு வெள்ளிக்கிழமை இறக்க ஆரம்பித்தால் தீபாவளிக்குள் போய்ச் சேரலாம்.

அதனால்தான் 'வெக்டர்' படம் வந்தது. இதில் படமே கிடையாது. 'இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ரோடு, இதன் பெயர் சேர்வலாறு' என்று வெறும் குறிப்புதான். போன் அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் புதுசாக வரைந்து தருகிறது. எவ்வளவு விரித்தாலும் கோடு கத்தி மாதிரி இருக்கும், எழுத்து முத்து முத்தாக இருக்கும். இடமும் குறைவாகவே பிடிக்கும்.

பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மங்கலான படம் யோக்கியமானது ஸார். 'எனக்கு இதுக்கு மேல தெரியாது' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். வெக்டர் படம் சொல்லாது. காட்டுப் பாதையை யாரோ சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம், மரத்தடியில் தடுமாறிய ஜிபிஎஸ்ஸை வைத்துப் பதிந்திருக்கலாம். 20 மீட்டர் தள்ளி இருக்கலாம். இருந்தாலும் எவ்வளவு விரித்தாலும் அதே பளபளக் கோடு! எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு சர்வேயர் அண்ணாச்சி ஒருவர் சொல்லுவார்: 'தம்பி, படத்துல கோடு இருந்தா பாதை இருக்குன்னு அர்த்தமில்ல, பாத்துக்கிடுங்க. எவனோ கோடு போட்டிருக்கான்னுதான் அர்த்தம்!'

அண்ணாச்சி காலத்துக் காகிதப் படத்தில் இந்த ஏமாற்று கிடையாது. இந்திய சர்வே துறையின் படத்தில் நம் மலையும் ஆறும் 58 எச் என்கிற வரிசையில் வரும். அளவு 1:50,000. அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர். அரை மில்லிமீட்டர் கோடு போட்டாலே தரையில் 25 மீட்டர் அகலம்! உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஓரத்தில் இதெல்லாம் அச்சடித்திருக்கும். (2005 வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசை கொண்டுவந்தது. 2017-ல் இணையத்தில் இலவசமாக இறக்கவும் வழி செய்தார்கள்.)

20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? 15 மீட்டர் செங்குத்துப் பாறை, அதாவது நாலு மாடிக் கட்டட உயரம், இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ள முடியும். படத்தில் அந்த இடம் சும்மா வெள்ளையாக இருக்கும். காலடியில் இருக்காது.

போனில் வரும் உயரக் கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரால் அளந்த கணக்கு. அதில் ஒரு புள்ளி தரையில் சுமார் 30 மீட்டர். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையை முழுசாகப் பார்க்கவில்லை, மரங்களின் தோள்பட்டையை அளந்தது. அதிலிருந்து சாஃப்ட்வேர் 10 மீட்டருக்கு ஒரு கோடு என்று பட்டுப்புடவை ஜரிகை மாதிரி வளைத்து வளைத்துப் போடும். 1,868 மீட்டர் அகத்தியமலை ஸ்க்ரீனில் அவ்வளவு அழகு!

இதெல்லாம் மலையேறுகிறவர்கள் பாடு என்று சமவெளிக்காரர்கள் சாய்ந்து உட்கார வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, பல இடங்களில் போனும் இல்லை. டவர் செத்துப்போனால் பாளையங்கோட்டையும் காரையார்தான்.

அன்றைக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான். எந்த ரோடு மேடு, எந்த ரோடு பள்ளம்? படத்தில் இரண்டும் ஒரே தடிமன், ஒரே நிறம். குளத்தங்கரை ஓர் ஆள், இரண்டு ஆள் உயரம். விண்வெளியிலிருந்து அளந்த உயரத்தில் பல மீட்டர் முன்னே பின்னே இருக்கும். கரை அதற்குள் கரைந்துபோகும். கடலை நெருங்க நெருங்க உயரக் கோடே காணோம். மாவட்டம் முழுசும் தெரிகிற மாதிரி வைத்தால் தாமிரபரணி ஒரே நீலக் கோடு. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எல்லாம் விரித்தால்தான் வெளியே வரும். விரிக்காவிட்டால் தெரியவேண்டியது ஒளிகிறது. அளவுக்கு மீறி விரித்தால் தெரியாதது தெரிந்த மாதிரி நடிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் வரைபடம் படிக்கிற வித்தை.

வெள்ளிக்கிழமை நாற்காலி மாநாட்டுக்கு நாலு தீர்மானம் சமர்ப்பிக்கிறேன்.

ஒன்று: ஆபீஸிலேயே ஏரோப்ளேன் மோடு போட்டுப் போகிற பாதை முழுவதையும் ஒருதரம் நகர்த்திப் பாருங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி, ஐந்து பெயரும் வருகிறதா? இடம் போதாவிட்டால் சாஃப்ட்வேர் சில பெயரை முழுங்கிவிடும்.

இரண்டு: வெயிலில் நின்று கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். முடியவில்லையா? செட்டிங்கில் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். மலையில் போய்க் கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஜிபிஎஸ்ஸும் சிக்னல் உள்ள இடத்திலேயே ஒருதரம் இடத்தைப் பிடித்துக்கொண்டால், மேலே போய் முழிக்காது.

மூன்று: படத்தின் மூலத்தைக் கேளுங்கள். என்ன அளவு, எந்த வருஷம்? பெண் பார்க்கப் போனால் பூர்வீகம் விசாரிக்கிறோமே, அந்த மாதிரி.

நான்கு: படத்தில் கோடு இருப்பது அனுமதிச் சீட்டு ஆகாது. காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசாங்கமே 40 வழித்தடங்களை வழிகாட்டியோடு அறிவித்தது. காரையார் பக்கம் கூட வருகிறவர் காணிக்காரராக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். போன் நேராகப் போ என்று, அவர் 'அந்தப் பக்கம் வேண்டாம்' என்றால் போனைப் பைக்குள் போடுங்கள். அவர் அந்தப் பாறையைச் சுற்றி நடந்தே வளர்ந்தவர். விரலால் விரித்துப் பார்த்தவர் இல்லை.