தலையைவிட்டு இறங்காத முடி

நம் வீட்டுப் பெண்களுக்கு இரவல் முடி புதிதல்ல. மூன்று பிரிச் சவுரியைச் சேர்த்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டி, அதன்மேல் தாழம்பூவும் மல்லிகையும் தைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்த தலைமுறைகள் நம்முடையவை. அந்தச் சவுரிக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. இரவானால் தலையைவிட்டு இறங்கிவிடும். காலையில் பாரம் சுமந்த மயிர்க்கால்கள் ராத்திரி ஓய்வெடுக்கும்.

இப்போது அழகு நிலையங்களில் வைத்துவிடுகிற நீட்டிப்பு முடி அப்படி இறங்குவதில்லை. ஒட்டியோ தைத்தோ விட்டால் வாரக்கணக்கில் தலையிலேயே இருக்கிறது. குளிக்கும்போதும் தூங்கும்போதும், கூட்ட பஸ்ஸில் வியர்க்கும்போதும் கூடவே இருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கல்யாணப் பெண்களிடம் யாரும் உட்கார வைத்துப் பேசுவதில்லை. வைத்துவிடுவதற்கு மூன்று மணி நேரம் செலவிடுகிறவர்கள், வைத்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை வாசற்படியில் நின்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் மாடி வீட்டுப் பெண் கல்யாணமான சில நாட்களில் கண்கலங்க வந்து நின்றாள். “அக்கா, ஒட்டினதெல்லாம் ஒண்ணொண்ணா வழுக்கிட்டு வருதுக்கா. நான் ஒண்ணுமே பண்ணலை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன், அவ்வளவுதான்.”

அந்த எண்ணெய்தான் காரணம். அவளுக்கு வைத்திருந்தது டேப் வகை. சொந்த முடியின் மெல்லிய கற்றை ஒன்றை நடுவில் விட்டு, மேலும் கீழும் இரண்டு பட்டைகளைப் பசையால் ஒட்டுவார்கள். எண்ணெய் அந்தப் பசையை இளக்கிவிடும். கழற்றுவதற்கே பல இடங்களில் எண்ணெய் கலந்த திரவத்தைப் பூசுவார்கள். பிறந்ததிலிருந்து உச்சியில் எண்ணெய் வைத்து வளர்ந்த பெண்ணிடம், பசை இருக்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது என்று முதலில் சொல்லியிருக்க வேண்டாமா?

அதற்காக நீட்டிப்பு முடிக்கு எண்ணெயே ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையில் சொந்த முடியைவிட அதற்குத்தான் எண்ணெய் அதிகம் தேவை. நம் தலைத்தோலில் இயல்பாகவே ஒரு எண்ணெய் சுரந்து முடியின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெட்டி எடுத்த முடிக்கு அந்த ஊற்று இல்லை. அதனால் அது சீக்கிரம் வறண்டு, முனை பிளந்து, சொரசொரப்பாகிவிடும். காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பட்டும் படாமல் தடவினால் போதும். கண்டிஷனரும் அப்படித்தான், நடுமுடியிலிருந்து கீழ்நோக்கி. ஒட்டிய இடமும் முடிச்சிட்ட இடமும் இதில் சேராது.

சிக்கு விழுவதுதான் எல்லாரும் சொல்லும் அடுத்த குறை. இதற்கான பதில் பராமரிப்பில் பாதிதான் இருக்கிறது, மீதி வாங்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. முடி இழையின் மேல்பரப்பு முழுக்க வேரிலிருந்து நுனிநோக்கிப் படிந்த நுண்ணிய செதில்களால் ஆனது. எல்லா இழைகளும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். வேரும் நுனியும் மாறிக் கலந்தால் செதில்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். திருமலையின் கல்யாண கட்டாவில், பழனியில், சமயபுரத்தில், திருத்தணியில் பெண்கள் காணிக்கையாகத் தருகிற நீள முடி உலகச் சந்தையில் இத்தனை மதிப்புப் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சேர்த்துக் கட்டிவிட்டு மழிப்பதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் நிற்கும். ரெமி என்று பெட்டியில் போடுவது இந்தத் திசை மாறாத முடியைத்தான். திருப்பதி தேவஸ்தானம் முடி ஏலத்தில் ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டிய வருடங்கள் உண்டு.

இன்னொரு வகை, சீப்பில் உதிர்ந்த முடி. தெருவில் வருகிறவரிடம் பாட்டிமார் சுருட்டி வைத்த சிக்கு முடியைக் கொடுத்து ஊசி, பின், பாத்திரம் வாங்கினார்களே, அந்த முடி. பல கைகள் சிக்கெடுத்துப் பிரித்தாலும் திசை கலந்துதான் இருக்கும். அதனால் ஆலைகளில் அமிலக் கரைசலில் போட்டுச் செதிலையே கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூச்சு கொடுக்கிறார்கள். கடையில் கண்ணாடிபோல மினுக்கும். சில முறை அலசியதும் பூச்சு போய்விடும், பிறகு என்ன செய்தாலும் சடைபிடிக்கும். நம் பெண்கள் தங்கள் கைப்பக்குவத்தின்மேல் பழி போட்டுக்கொள்கிறார்கள். பழி அவர்களுடையது அல்ல. வாங்கும்போதே ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்து மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் உருவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் லேசான தடையும் தெரிந்தால் செதில் உயிரோடிருக்கிறது. ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் செயற்கை நாரா என்பதும் தெரிந்துவிடும். மனித முடி கருகி விரலில் பொடியாகும், நார் உருகிக் கெட்டி மணியாகும்.

இனி, தைத்து வைக்கும் வகை. இது அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் வளர்த்தெடுத்த கலை. கிளீவ்லாந்தில் தொழில் செய்த கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, முடியை நூலோடு சேர்த்துத் தலையில் நிலையாகப் பிணைக்கும் முறைக்கு 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். இன்று செய்வது இப்படி: தலைத்தோலோடு ஒட்டிய மெல்லிய பின்னல்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் முடிப்பட்டையை வளைந்த ஊசியால் தைப்பார்கள். நம் ஊர் நிலையங்களும் இந்தத் தையலைக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் அந்தப் பெண்கள் வீட்டில் தாயிடமிருந்தும் அக்காவிடமிருந்தும் பழகுகிற பராமரிப்பு ஊசியோடு சேர்ந்து இங்கே வந்துசேரவில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

அவர்கள் பார்வையில் பராமரிப்பு என்றால் முதலில் தெரிகிற முடிக்கல்ல, அடியில் மறைந்திருக்கிற சொந்த முடிக்கும் தோலுக்கும்தான். மூக்குள்ள பாட்டிலில் ஷாம்பூவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பின்னல்களுக்கு நடுவே வகிடு வகிடாக ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து அலசுகிறார்கள். அதைவிட முக்கியம் உலர்த்துவது. மேலே முடி காய்ந்திருந்தாலும் பின்னல் உள்ளே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு படுத்தால் நாற்றம், அரிப்பு, பூஞ்சை எல்லாம் வரும். குறைந்த சூட்டில் உலர்த்தியை வைத்து அடிப்பின்னல் காயும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்துக்கு இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும். இரவில் தளரப் பின்னி, சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். பருத்தித் தலையணை உறை முடியை உரசி, அதன் எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும்.

ஆறு முதல் எட்டு வாரம், அதற்குமேல் தைத்ததை விட்டுவைக்கக் கூடாது. சொந்த முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்து, முடிச்சு தோலைவிட்டு இறங்கி ஊசலாடத் தொடங்கும். அப்போது இழுவை எல்லாம் வேருக்குப் போகும். கழற்றும் நாளில் கொத்தாக முடி வருவதைப் பார்த்துப் பலர் பதறிப்போகிறார்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாத் தலைக்கும் இயல்பு. இரண்டு மாதம் உதிர்ந்ததெல்லாம் கீழே விழ வழியில்லாமல் பின்னலுக்குள் தங்கியிருந்து ஒரே நாளில் வெளியே வருகிறது. அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வலிக்கு. “முதல் ரெண்டு நாள் வலிக்கும், பொறுத்துக்கோம்மா” என்று சொல்லி அனுப்புகிற பழக்கத்தை நான் மனதார எதிர்க்கிறேன். வலி என்றால் இறுக்கம் அதிகம் என்று பொருள், வேறு பொருள் இல்லை. நெற்றியோரம், காதுக்கு மேலே பொட்டுப் பகுதி, இங்கெல்லாம் முடி மெல்லியது. அங்கே சிவப்போ சின்னச் சின்னக் கொப்புளமோ வந்தால் மயிர்க்கால் தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே தளர்த்தினால் முடி திரும்ப வளரும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுபட்டால் மயிர்க்கால் தழும்பாகி, அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடும். இதைத் தோல் மருத்துவர்கள் நன்றாகவே அறிவார்கள். நீட்டிப்பு முடியால் மட்டும் வருவதுமல்ல. இறுக்கிக் கொண்டை போடுகிறவர்களுக்கும், கனமான ஜடை அலங்காரத்தோடு மேடை ஏறும் பரதக் குழந்தைகளுக்கும் வரலாம். முன்நெற்றி ஏறிக்கொண்டே போவதைக் கண்டும் எத்தனை வீட்டில் “பரம்பரை” என்று விட்டுவிடுகிறோம்.

என் சித்தி ஆடிய காலத்துச் சவுரி இன்னும் அலமாரியில் நன்றாக இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், காபிகூடக் குடிக்காமல், பூவை நூலறுத்து எடுத்துவிடுவாள். பூவின் ஈரமும் சாறும் முடியில் ஒரு ராத்திரி தங்கக்கூடாது என்பாள். நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போவாள், ஒருநாளும் உச்சியிலிருந்து சீப்பை இழுத்ததில்லை. அலசினால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயவைத்து, தளரப் பின்னித் துணிப்பையில் போடுவாள். இதில் ஒரு வரிகூட இன்றைய விலையுயர்ந்த முடிக்குப் பொருந்தாமல் போகாது.

அழகு நிலையம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முடி வைத்து அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். என்ன முடி, எந்த முறை, பசை உண்டா, எண்ணெய் எங்கே படலாம், எவ்வளவு சூடு தாங்கும், எந்தத் தேதியில் கழற்ற வேண்டும். கழற்றும் கூலியையும் முதல் நாளே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் பணம் கேட்பார்களே என்று தயங்கி, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கத்தரிக்கோலால் தாங்களே நூலை வெட்டப்போய்ச் சொந்த முடியைச் சேர்த்து வெட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.