பேனாவை பீரோவில் ஒளிக்காதீர்கள்!

"ஊட்டி, குன்னூரே ஒரு ஃப்ரிட்ஜ்தானே சார்... இதுல மருந்துக்குத் தனியா எதுக்கு ஃப்ரிட்ஜ்?"

எடை குறையத் தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் குன்னூர் இல்லத்தரசி ஒருவர் என்னிடம் கேட்டது இது. சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மாமியார் கண்ணில் பட்டுவிடுமாம்! "உடம்பு குறைக்க ஊசியா? வாயைக் கட்டத் தெரியாதா?" என்பாராம். அதனால் பேனா வாசம் செய்வது பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

இந்த ஊசி விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் மருந்தின் மீது இல்லை. இப்படி ஒளித்துவைத்துப் போட்டுக்கொள்வதன் மீதுதான்.

முதலில் எந்த ஊசி என்பதில் தெளிவு வேண்டும். தினமும் போடுவது லிராகுளுடைடு. இந்தியாவில் 2025 மார்ச்சில் வந்த மௌஞ்சாரோவும், அதே ஆண்டு ஜூனில் வந்த வீகோவியும் வாரம் ஒரு முறை போடுபவை. எல்லாமே பேனா வடிவிலும் கிடைக்கும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, வாரப் பேனாவைத் தினமும் போட்டால் விபரீதம்தான். பெட்டியில் உள்ள பெயரைப் படித்து, டாக்டர் சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

லிராகுளுடைடு பசியை அடக்கும். வயிறு காலியாகும் வேகத்தையும் குறைக்கும். 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 56 வாரம் இதைப் போட்டவர்கள் சராசரியாக 8.4 கிலோ குறைந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்கள் 2.8 கிலோ. இரு தரப்புக்கும் சாப்பாட்டு ஆலோசனையும் உடற்பயிற்சியும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். நிறுத்தினால் எடை திரும்புவதும் சகஜம். ஆக, கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம் ரகசியமாகப் போட்டு இளைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

எடைக்காகப் போடும்போது முதல் வாரம் தினம் 0.6 மி.கி. பிறகு வாரத்துக்கு 0.6 கூட்டி, ஐந்தாவது வாரம் 3 மி.கி. வரை போவார்கள். சர்க்கரை நோய்க்குத் தரும் அதே மருந்தின் உச்ச அளவு 1.8-தான். "சீக்கிரம் இளைக்கணும்" என்று நீங்களே டயலைத் திருகினால் வயிறு பழிவாங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவு வயிற்றைப் புரட்டுவது நமக்குத் தெரியும். இந்த ஊசியும் ஆரம்பத்தில் அப்படித்தான் புரட்டும். அளவு கூட்டிய வாரத்தில் மலைப்பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. நாலு மணி டீக்கு நாலு வர்க்கியை எடுத்த கை ஒன்றோடு நிற்கட்டும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவு போதும், இரட்டையாகப் போடக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவுக்கே தாவாமல் டாக்டரைக் கேளுங்கள். பெரும்பாலும் 0.6-லிருந்துதான் மறுபடி தொடங்கச் சொல்வார்.

இனி ஃப்ரிட்ஜ் விவகாரம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்த பேனா 30 டிகிரிக்குக் கீழே ஒரு மாதம் தாங்கும். அந்த வகையில் நம் அம்மணியின் பீரோ திறந்த பேனாவுக்குப் பரவாயில்லை. ஆனால் மூன்று மாத ஸ்டாக்கையும் அங்கேயே அடுக்கியிருந்தாரே!

மலையில் இன்னொரு வம்பு உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவில் ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகிவிடும், கார் கண்ணாடியில் பனி படியும். கோவையிலிருந்து வாங்கி வந்த மருந்தை அந்தக் காரிலேயே மறந்துவிட்டால் உறைந்துபோகும். உறைந்த மருந்து உருகிய பிறகு பார்க்கப் பழைய மாதிரியே இருந்தாலும் அதைப் போடக் கூடாது, வீசத்தான் வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள்ளும் ஃப்ரீஸரை ஒட்டி வைக்காதீர்கள். குளிருக்குக் கணப்பு மூட்டும் வீடுகளில் அதன் பக்கத்தில் வைப்பதும் தப்பு. கோடையில் கீழேயிருந்து வாங்கி வருபவர்கள், மருந்துக் கடையில் கேட்டு ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டு வாருங்கள். ஐஸ் நேராகப் பேனாவில் படாமல் நடுவே ஒரு துணி இருக்கட்டும்.

போடும் முறை சுலபம். வயிறு, தொடை, மேல்கை என இடம் மாற்றிப் போடுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். அழுத்தியபின் நிதானமாக ஆறு எண்ணி ஊசியை எடுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. அக்கா தங்கையாக இருந்தாலும் பேனாவைப் பகிர்வது கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவுக்குள் ரத்தம் ஏறியிருக்கலாம்.

போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது? இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. ஒளித்துப் போடுகிறவர் அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் திணிக்கிறார், இல்லாவிட்டால் கொல்லைப்புறச் சரிவில் வீசுகிறார். நம் ஊரில் குரங்கும் கரடியும் குப்பையைக் கிளறிப் பரப்புவது யாருக்குத் தெரியாது? சரிவுக்குக் கீழே தேயிலைத் தோட்டம். அங்கே வெறுங்கையோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரலிலோ, குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையிலோ அது ஏறினால்? நீங்கள் எட்டு கிலோ இளைப்பதற்காக அவர் மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் எச்.ஐ.வி.க்கும் பயந்து பரிசோதனைக்கு அலைய வேண்டுமா? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே வீட்டு ஊசியை அபாயக் கழிவு என்று பிரித்துச் சொன்னது. கெட்டியான, திருகு மூடியுள்ள காலி டப்பாவில் சேருங்கள். மேலே "ஊசி" என்று எழுதுங்கள். ஊசி வாங்கிய கிளினிக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மற்றக் குப்பையோடு கலக்காமல், பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

வீட்டாருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. பொறுக்க முடியாத வயிற்றுவலி, முதுகுக்குப் பரவுவது, வாந்தி... இவை கணைய அழற்சியாக இருக்கலாம். எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, கூட வருபவருக்கு ஊசி விஷயமே தெரியாவிட்டால் டாக்டரிடம் என்ன சொல்வார்? 700 படுக்கையோடு 2025 ஏப்ரலில் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது, நல்ல விஷயம். அங்குள்ள டாக்டருக்கும் விவரம் சொன்னால்தானே தெரியும்! கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். குளிரில் தாகம் தெரியாது. வாந்தியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கும். ஆபரேஷன், எண்டோஸ்கோப்பி என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கும் இந்த மருந்தே கூடாது.

அந்தக் குன்னூர் அம்மணி கடைசியில் மாமியாரிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்ததாம். இப்போது பேனா பெட்டி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. "ஊசி போட்டாச்சா?" என்று தினம் ராத்திரி கேட்பது மாமியார்தானாம்.