காலி செய்யும் நோட்டீசு பூட்டிய வீட்டுக்குள்! கல்லூரி இ-மெயிலை அழிப்பது இப்படித்தானா?

படிப்பை முடித்துப் போன பிள்ளைகளின் இ-மெயில் பெட்டிகளைப் பல்கலைக்கழகங்கள் மூடி வருகின்றன. மூடட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடுகிற விதம் இருக்கிறதே, அதைத்தான் கேட்க வேண்டி இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணாச்சி நோட்டு, பேனா கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் எம்.எஸ்சி. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள் இரவு, கடை அடைக்கிற நேரம். செல்போனும் கையுமாக அழுதபடி வந்து நின்றாள்.

ஒரு போட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். பாஸ்வேர்டு மறந்து போச்சு. "உங்கள் இ-மெயிலுக்கு ரகசிய எண் அனுப்பி இருக்கிறோம்" என்றது திரை. அவள் பதிவு செய்திருந்ததோ கல்லூரி கொடுத்த இ-மெயில். அதைத் திறந்தால், அப்படி ஒரு கணக்கே கிடையாது என்று பதில் வருகிறது!

பிராஜக்ட் ரிப்போர்ட் அதில்தான் இருந்தது. பேராசிரியை எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதமும் அதில்தான். விண்ணப்பம் போட்ட கம்பெனிகளின் பதில்கள் ஏதாவது வந்திருந்தால் அதுவும் போச்சு.

மறுநாள் அண்ணாச்சியோடு நானும் அந்தக் கல்லூரிக்குப் போனேன். (பெயர் வேண்டாம். ஒரு கல்லூரியில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது.) கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"மூணு தடவை நோட்டீசு அனுப்பினோமே தம்பி" என்றார்.

"எங்கே சார் அனுப்பினீங்க?"

"அந்த இ-மெயிலுக்குத்தான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசை, பூட்டிக் கிடக்கும் அதே வீட்டுக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்! பரீட்சை முடிந்து வெளியே போன பிள்ளை அந்தப் பெட்டியைத் தினமும் திறந்தா பார்க்கும்?

"20 நாளுக்குள்ள வந்திருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேன். அதுக்கு மேல எங்க கையில இல்ல" என்றார் அவர். உண்மைதான். கூகுளில் நிறுவனம் அழித்த கணக்கை நிர்வாகி 20 நாள் வரைதான் மீட்க முடியும். அப்புறம் கதை முடிந்தது.

ஓசி விருந்து முடிந்தது

ஏன் இந்த அவசரம்? அதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

2006-ல் கூகுள் கம்பெனி கல்லூரிகளுக்கு இலவசமாக இ-மெயில் கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போய், "எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அளவே இல்லை" என்று சொன்னார்கள். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் சொந்த இயந்திரங்களை நிறுத்திவிட்டு அங்கே குடி போயின. நம் ஊர்க் கல்லூரிகளும்தான். "பழைய மாணவர்களும் வைத்துக்கொள்ளலாம், ஆயுசுக்கும் உங்களுடையது" என்று பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு.

2021 பிப்ரவரியில் வந்தது அறிவிப்பு. ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து இலவசம் 100 டெராபைட்தான்! ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2022 ஜூலை முதல் இது அமல். மைக்ரோசாப்ட் கம்பெனியும் 2024-ல் இதே 100 டெராபைட் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

100 டெராபைட் என்றால் ஏதோ கடல் போலத் தோன்றும். வகுத்துப் பாருங்கள். ஒரு டெராபைட் ஏறத்தாழ 1,000 ஜி.பி. பல்கலைக்கழகத்தில் 20,000 பேர் என்று வையுங்கள். தலைக்கு 5 ஜி.பி. வருகிறது. நம் வீட்டுப் பிள்ளை சொந்தமாக ஒரு ஜிமெயில் திறந்தால் சும்மா கிடைப்பது 15 ஜி.பி.! அதற்கு மேல் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் காசை எடுத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் சில ஆயிரம் பேர் வெளியே போகிறார்கள், சில ஆயிரம் பேர் உள்ளே வருகிறார்கள். போனவனின் வீடியோவுக்கும் வந்தவன் இடம் கொடுக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

இன்னொரு காரணமும் உண்டு. திருட்டு வழக்கு எழுதியே பழகிய எனக்கு இது சட்டென்று புரிந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் திருடன் நோட்டம் விடுவான். ஆள் இல்லாத கணக்கின் பாஸ்வேர்டு எவனாவது கையில் சிக்கினால், கல்லூரி பெயர் போட்ட முகவரியில் இருந்தே மோசடிக் கடிதம் போகும். கல்லூரி முகவரி என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே சுத்தம் செய்வது தேவைதான். அதில் சண்டை இல்லை.

ஜப்பானில் போன 77 டெராபைட்

துடைக்கிறவன் கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சம்பவம் இருக்கிறது. இது இ-மெயில் இல்லை, ஆராய்ச்சிக் கோப்புகள். ஆனால் கோளாறு வந்தது துடைக்கும் வேலையில்தான்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர். 2021 டிசம்பர். 10 நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுகளை அழிக்க ஒரு சிறிய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போதே அதைத் திருத்தி மாற்றி வைத்துவிட்டார்கள். தடுமாறிய புரோகிராம் குப்பையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக் கோப்புகளைத் துடைக்க ஆரம்பித்தது. போனது சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள்! 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களுக்கு மாற்றுப் பிரதியில் இருந்தும் மீட்க முடியவில்லை.

அந்த அமைப்பைப் பராமரித்த கம்பெனி, முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டது. நம் ஊரில் அண்ணாச்சி மகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். "சர்க்குலர்ல இருக்கு தம்பி" என்றார்கள். அந்தச் சர்க்குலரும் அதே இ-மெயிலில்தான் போயிருக்கிறது!

ஆபீஸ் கடிதமும் போகிறது

மாணவர் பெட்டியாவது சொந்த விஷயம். பதிவாளர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, டெண்டர் பிரிவு இவற்றில் இருப்பவர் ஓய்வு பெறுகிறார். அவர் கணக்கையும் இதே துடைப்பத்தால் கூட்டினால்? மறுமதிப்பீட்டில் யார் என்ன சொன்னார், எந்த விலைக்கு யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது?

2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் "தகவல்" என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும் இடத்திலேயே இ-மெயிலும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் மனு போட்டுக் கேட்ட தகவலை அழித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது பொருந்தும். "கணக்கை அழித்தாலும் தனி பெட்டகத்தில் பிரதி இருக்கும்" என்று சிலர் நினைக்கிறார்கள். கூகுள் பெட்டகத்தில் அப்படி இல்லை. கணக்கை அழித்தால் பெட்டகத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். எனவே மாணவருக்கு ஒரு விதி, நாற்காலிக்கு ஒரு விதி என்று பிரித்து எழுத வேண்டும். எத்தனை இடத்தில் எழுதி இருக்கிறார்கள்?

செலவே இல்லாத வேலை

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் தெரிகிறது, இதற்கு டெராபைட் வேண்டாம், அரை சீட்டுக் காகிதம் போதும். டி.சி. கொடுக்கும்போது "உங்கள் இ-மெயில் இந்தத் தேதியில் மூடப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். லைப்ரரி புத்தகம் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கவில்லையா? செல்போன் நம்பர் அட்மிஷன் பாரத்திலேயே இருக்கிறது. பீஸ் பாக்கி என்றால் அந்த நம்பருக்குக் கரெக்டாக மெசேஜ் வருகிறதே! கணக்கை மூடும் மெசேஜுக்கு மட்டும் நம்பர் கிடைக்காதா?

கடைசி செமஸ்டரோடு கணக்கை மூடாமல், பட்டமளிப்பு முடிந்து ஒரு வருடமாவது விட்டு வைக்க வேண்டும். முதலில் பூட்ட வேண்டும், பிறகு சில மாதம் கழித்துத்தான் அழிக்க வேண்டும். பூட்டினால் பிள்ளை ஓடி வரும், திறந்து கொடுக்கலாம். ஒருவர் விட்ட முகவரியைப் புதிதாக வருகிறவருக்குக் கொடுக்கவே கூடாது. பழையவரின் ரகசிய எண் புதியவருக்குப் போய்ச் சேரும்!

உங்கள் வீட்டில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். கல்லூரிக் கணக்கில் உள்ள கடிதங்களையும் கோப்புகளையும் சொந்த ஜிமெயிலுக்கு நகல் எடுத்து மாற்றும் வசதி கூகுளிலேயே இருக்கிறது. கல்லூரி அதை அனுமதித்திருக்க வேண்டும். நகல் போய்ச் சேர ஒரு வாரம் வரை ஆகலாம், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். பேங்க், தேர்வு, வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி மகள் தேர்வு அலுவலகத்துக்கு அடையாளச் சான்றுகளோடு எழுதிக் கொடுத்து, இரண்டு தடவை அலைந்து, தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஹால் டிக்கெட் வாங்கிவிட்டாள். பிராஜக்ட் ரிப்போர்ட் கிடைக்கவில்லை. பேராசிரியையிடம் மறுபடியும் கடிதம் கேட்டிருக்கிறாள். அவரும் அந்தக் கல்லூரியை விட்டுப் போய்விட்டாராம். அவருடைய பழைய இ-மெயிலும் இப்போது வேலை செய்யவில்லை.