வண்டி எங்கள் வாசலில், பெயர் யாருடைய புத்தகத்தில்?

லயத்து வாசலில் நிற்கும் முச்சக்கர வண்டியை ஆடம்பரப் பொருள் என்று தோட்டத்தை அறிந்த எவரும் சொல்லமாட்டார். நள்ளிரவில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அந்த வண்டிதான். குளவி கொட்டிய தொழிலாளியைத் தூக்கிச் செல்வதும், பரீட்சை எழுதும் பிள்ளையை மழையில் நகரப் பாடசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான். கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசையும், அம்மாவின் சேமலாப நிதியையும், அடகு வைத்த நகையையும் ஒன்றாக்கி எமது பிள்ளைகள் வாங்கிய தொழில் அது.

வாகனப் பதிவு, உரிமை மாற்றம், இலக்கத் தகடு, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கான கட்டணங்களில் மாற்றம் வரும் ஒவ்வொரு முறையும், "அது வண்டிக்காரர் பிரச்சினை, சங்கத்துக்கு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வண்டிக்காரர் யார்? கொழுந்து பறிக்கும் எமது அங்கத்தவரின் மகன். லீசிங் கட்டணம் தவறும் மாதத்தில் அந்தக் காசு தாயின் சம்பளத்திலிருந்துதான் போகிறது. ஆகவே இது சங்கத்தின் பிரச்சினையே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் கட்டும் பணம் இரண்டு இடங்களுக்குப் போகிறது. வாகனத்தைப் பதிவது, உரிமையாளர் பெயரை மாற்றுவது, இலக்கத் தகடு வழங்குவது ஆகியவை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை. அதன் கட்டணங்கள் கொழும்பில் தீர்மானிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளிவருகின்றன. ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம், நாம் "லைசன்" என்று சொல்வது, மாகாண சபைக்கு உரியது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இன்றி அது கிடைக்காது. ஆகவே ஒரு கட்டணம் உயர்ந்தால் யாரிடம் கேட்பது என்பதை அறிந்து கேட்க வேண்டும்.

மாகாண சபையிடம் கேட்கலாம் என்றால், அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். சப்ரகமுவவில் 2012 இல், ஊவாவில் 2014 இல். அச்சபைகளின் காலம் முடிந்த பின்னர் ஆளுநர்மாரே நிர்வாகம் செய்கிறார்கள். எமது மக்கள் மிகுதியாக வாழும் இந்த மூன்று மாகாணங்களிலும், வரியை அறவிடும் சபையில் எமக்காக எழுந்து பேச ஓர் உறுப்பினர்கூட இல்லை. பணம் மட்டும் தவறாமல் வசூலாகிறது.

நல்ல மாற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். எம்மவர் வாங்குவது பெரும்பாலும் பழைய வண்டி. அது மேல் மாகாணத்தில் பதியப்பட்டதாக இருந்தால், நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பெயர் மாற்றும்போது மாகாண எழுத்துக்காகவே புதிய தகடு எடுக்க வேண்டியிருந்தது. வண்டி அதே வண்டி, இலக்கம் அதே இலக்கம். இரண்டு எழுத்துக்காக ஒரு செலவும் பல நாள் அலைச்சலும். இலக்கத் தகட்டிலிருந்து மாகாண எழுத்துகளை நீக்க அரசாங்கம் எடுத்த தீர்மானம் இந்தச் சுமையைக் குறைத்தது. அதனை வரவேற்கிறோம். ஆனால் 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னர், புதிதாகப் பதிந்தவர்கள் தகடு கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்ததையும் நாடு பார்த்தது. கட்டணத்தை உரிய நாளில் வாங்குகிறவர்கள் தகட்டையும் உரிய நாளில் கொடுக்க வேண்டும்.

எமது வீடுகளில் உள்ள பெரிய ஆபத்து வேறொன்று. எத்தனையோ வண்டிகள் ஓட்டுகிறவரின் பெயரில் இல்லை. விற்றவர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு, "ஓப்பன் பேப்பரில்" கை மாறிக் கை மாறி வந்த வண்டிகள் அவை. காரணம் கேட்டால் ஒரே பதில்: "பெயர் மாத்துற செலவு தாங்காது."

அந்தச் செலவைத் தோட்டக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாவும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவுமாக 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும். படிவத்தில் ஒரு பிழை என்று திருப்பி அனுப்பினால் இரண்டாம் பேர். விற்றவரின் கையொப்பத்துக்கு மூன்றாம் பேர். மூன்று நாளில் 5,250 ரூபா, பற்றுச்சீட்டில் எங்கும் எழுதப்படாமலே போய்விடுகிறது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் தரகர் கேட்பதும் அதற்கு மேல். மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுப் போய் வரலாம். நாட்சம்பளக்காரருக்கு அந்த லீவு இல்லை. கட்டணம் வண்டியின் வகையைப் பார்க்கிறது. வண்டிக்காரரின் செக்ரோலைப் பார்ப்பதில்லை.

இருந்தாலும் தோழர்களே, செலவுக்குப் பயந்து பெயரை மாற்றாமல் விடுவது அதைவிடப் பெரிய செலவு. 2022 இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது இதைக் கண்ணால் கண்டோம். முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று ஆரம்பத்தில் அளந்து கொடுத்த காலம் அது. வண்டியின் இலக்கத்தைப் பழைய உரிமையாளர் ஏற்கெனவே பதிந்திருந்தால், வண்டியை வைத்திருந்தவர் எரிபொருள் இன்றி அலைந்தார். விபத்து நடந்தால், நட்டஈடு கேட்கும்போது முதலில் கேட்பது புத்தகத்தில் உள்ள பெயரை. விற்றவர் இறந்துவிட்டால், அல்லது வெளிநாடு போய்விட்டால், கையிலுள்ள படிவம் வெறும் காகிதம். அவர் பெயரில் வேறு கடன் நிலுவை இருந்தால், வண்டியைக் கொண்டுபோக வருகிறவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வண்டியை விற்றவருக்கும் நிம்மதி இல்லை. அவர் விற்ற வண்டி எங்கோ ஒருவரை மோதினால், பொலிஸ் தேடி வருவது அவரை.

காகிதத்தில் பெயர் இல்லாமல் போவதன் வலி எமக்குப் புதிதல்ல. 1948 ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் எமது முன்னோர் பட்ட பாடு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எத்தனையோ குடும்பங்களைத் துரத்தியது. இன்றும் வாழும் லயத்துக்கு உறுதி இல்லை. உழைத்து வாங்கிய வண்டிக்காவது எமது பெயர் இருக்கட்டும்.

பெயரை மாற்ற முன்வருகிறவருக்கு அரசாங்கம் வழியைத் திறந்துவிட வேண்டும். ஆகவே எமது சங்கம் கேட்பவை இவை:

ஒன்று: உரிமை மாற்றத்துக்கும் பதிவுக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் நடமாடும் சேவை தோட்டப் பகுதி நகரங்களுக்கு வர வேண்டும். வேலை நாள் இழக்காதபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வர வேண்டும்.

இரண்டு: ஓப்பன் பேப்பரில் சிக்கியுள்ள பழைய முச்சக்கர வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தண்டப்பணம் இன்றிப் பெயர் மாற்ற ஒரு சலுகைக் காலம் வழங்க வேண்டும்.

மூன்று: படிவங்களும் விளக்கங்களும் தமிழில் கிடைக்க வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும். இது சட்டம் தந்த மொழி உரிமை, சலுகை அல்ல.

நான்கு: திணைக்களத்திலிருந்து வரும் தபால் தோட்டக் காரியாலயத்தில் தேங்கிக் கிடக்காமல் லயத்துக்கு நேரடியாக வர வேண்டும். கடிதம் பிந்தியதற்கான தண்டத்தைத் தொழிலாளியிடம் அறவிடக்கூடாது.

ஐந்து: கட்டணம் உயர்த்தப்படுமுன் தொழிற்சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மாகாண சபைத் தேர்தலை இனியும் இழுத்தடிக்கக்கூடாது.

எமது பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தமது தோட்டத்தில் உள்ள வண்டிகளில் எத்தனை சொந்தப் பெயரில் உள்ளன, எத்தனை பிறர் பெயரில் உள்ளன என்று ஒரு பட்டியல் எடுத்துச் சங்கக் காரியாலயத்துக்குத் தர வேண்டும். எண்ணிக்கை கையில் இருந்தால்தான் அதிகாரிகள் முன் மேசையில் வைத்துப் பேச முடியும். வண்டி வாங்கப் போகிற இளைஞர்கள் முழுப் பணத்தையும் கொடுக்குமுன் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை விற்பவரோடு சேர்ந்து நிரப்பி, அன்றே கையொப்பம் வாங்க வேண்டும். வண்டி விலையோடு பெயர் மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். லீசிங் கட்டி முடித்தவர்கள் புத்தகத்திலிருந்து கம்பனியின் பெயரை நீக்கும்வரை ஓயக்கூடாது. எழுத வாசிக்கச் சிரமப்படும் அங்கத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க, படித்த பிள்ளைகள் முன்வர வேண்டும். தரகருக்குக் கொடுக்கும் காசு வீட்டில் மிஞ்சும்.

வரி கட்ட மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. இந்த நாட்டின் ரோட்டையும் ரயிலையும் எமது பாட்டன் பூட்டன் வெட்டிப் போட்டார்கள். அந்த ரோட்டில் ஓட்டுவதற்கு நியாயமான கட்டணத்தைக் கட்டுவோம். அதைக் கட்டுவதற்காக மூன்று பேரை இழக்க வைக்காதீர்கள் என்பதே எமது கோரிக்கை.